வட்டிலில் வெட்டிய எண்

சபையாரே, என் அண்ணன் காணாமல் போன அன்று எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அண்ணன் எண்பதைத் தாண்டியவர். எழுபத்தொன்றாம் வருஷத்துப் பாகிஸ்தான் சண்டையில் பட்டாள லாரி ஓட்டினார். குண்டு விழுகிற பாதையில் அடிபட்டவர்களை ஏற்றி வந்தவர். கடைசிக் காலத்தில் ஞாபகம் தப்பிவிட்டது. தன் பெயரே தெரியாமல், உத்தமபாளையம் பக்கம் என் வீட்டில்தான் இருந்தார்.

சித்திரை வெயில். ஞாயிற்றுக்கிழமை காலை. வட்டிலில் இட்லி வைத்துவிட்டுச் சட்னி எடுக்க உள்ளே போனேன். தெருவில் கட்சிக்காரர் ஒருவரை வரவேற்கச் சரவெடி கொளுத்தினார்கள். திரும்பி வந்தால் இட்லி இருக்கிறது, அண்ணன் இல்லை.

போலீஸ் ஸ்டேஷனில் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "வயசானவுக எங்கனயாவது உக்காந்திருப்பாக ஆத்தா. பசிச்சா வருவாக."

"அவரு என்ன மேயப் போன மாடாய்யா?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தேன்.

தேனியிலிருக்கும் அண்ணன் மகனுக்குப் போன் போட்டேன். "இந்த வெயில்ல நீங்க ஏன் அத்தை அலையிறீக? போற வயசுதானே அவருக்கு," என்றான். பெற்ற பிள்ளை சொல்கிற சொல்லா இது!

மதியம் வரை ஊர்க்காரர் நாலு பேர் தோட்டம் தோட்டமாக, "தாத்தா, தாத்தா" என்று கூவிப் பார்த்தார்கள். அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி. வாயில் ஒன்றும் படவில்லை. பொழுது சாய்ந்தால் உயிர் தங்காது.

அடுப்படியில் முழங்காலில் நின்றேன். "கர்த்தாவே, ஊரான் பிள்ளையெல்லாம் ஏத்திட்டு வந்த மனுசன் அவரு. அவரை ஏத்திட்டு வர ஒருத்தருமில்லையா? இன்னைக்கே எனக்குப் பதில் வேணும்," என்று சண்டை பிடித்தேன்.

கண்ணைத் திறந்தால் எதிரே அந்த வட்டில். விளிம்பில் எண்.

எங்கள் வீட்டுப் பாத்திரத்திலெல்லாம் பெயர் வெட்டியிருக்கும். அண்ணன் மட்டும் தன் பட்டாள நம்பரை வெட்டி வைத்திருந்தார். "ஜெயிலு வட்டிலு மாதிரி இருக்குண்ணே," என்று அன்று ஏசினேன். அவர் சிரித்தார். "பட்டாளத்துல பேரைச் சொன்னா எவன் எந்திரிப்பான் தாயி? நம்பரைச் சொல்லணும்."

வட்டிலைத் தூக்கிக்கொண்டு ஆலயத்துக்கு ஓடினேன். எழுத்து எனக்குத் தடுமாறும், எண் தடுமாறாது. போன் நம்பர் சொல்வதுபோல் ஒவ்வொன்றாக இங்கிலீஷில், ஊருக்கே கேட்கும் ஆலய மைக்கில் கத்தினேன்.

மூன்றாம் தடவை, ஆலயத்துக்குப் பின்னாலிருந்த திராட்சைப் பந்தலுக்கடியிலிருந்து, "யெஸ் சார்!" என்று குரல் வந்தது.

காய்ந்த வாய்க்காலில் குப்புறப் படுத்திருக்கிறார். வெடிச் சத்தத்துக்குப் பதுங்கியவர், உத்தரவு வரும்வரை அசையவே இல்லை. தேடியவர்கள் இரண்டு தடவை பக்கத்திலேயே போயிருக்கிறார்கள். முகமெல்லாம் மண். என்னைப் பார்த்து, "அடிபட்டவுக எல்லாரையும் ஏத்தியாச்சா?" என்றார்.

"ஏத்தியாச்சுண்ணே. நீங்க மட்டுந்தான் பாக்கி."

அதுவரை மனப்பாடமாக ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அன்றிலிருந்து மனதிலிருப்பதையே கர்த்தரிடம் சொல்கிறேன். உங்கள் கோபத்தையும் அவரிடமே கொண்டுபோங்கள். முகம் திருப்ப மாட்டார்.

அண்ணன் போன வருஷம் கர்த்தருக்குள் உறங்கினார். கல்லறைக் கல்லில் நம்பர் எதற்கு என்று சிலர் முனகினார்கள். நான் விடவில்லை. பெயருக்குக் கீழே ஆழமாக வெட்டச் சொன்னேன். மரித்தவர்களை எழுப்ப எக்காளம் தொனிக்கும் நாளில் ஆண்டவர் அந்த எண்ணைச் சொல்லட்டும். என் அண்ணன் எழுந்து நிற்பார்.