கை தூக்கிய கயிற்றுக்காரன்

ஏதென்ஸில் எனக்கு ஜவாப்தாரி திமாந்திரோஸ்தான். சீதோனிலிருந்து வந்த என்னைப் போல, வரி கட்டிக் குடியிருக்கும் வெளியூர்க்காரனுக்கு, உள்ளூர்க் குடிமகன் ஒருவன் பொறுப்பு நின்றாக வேண்டும். துறைமுகத்தில் அவன் கயிறு திரித்தான். அடுத்த கொட்டகையில் நான் படகுகளுக்குக் கீல் பூசினேன்.

ஜனசபை கூடும் நாளில் ரொட்டியும் பூண்டும் முடிந்துகொண்டு இருட்டோடு சபை நடக்கும் குன்றுக்குக் கிளம்பிவிடுவான். மேடையேறி ஒரு வார்த்தை பேசியவனில்லை. கை தூக்குவான், அவ்வளவுதான். அந்தப் பெருமையை என் தலையில் கொண்டுவந்து கொட்டுவான்.

"சீதோன்காரா, இன்னைக்கு ஒரு தளபதியையே வீட்டுக்கு அனுப்பிட்டோம்."

"உன் பொண்டாட்டி உன்னை வீட்டை விட்டு எப்ப அனுப்பப் போறா?"

"நீ வரியைக் கட்டு. நாட்டை நாங்க பார்த்துக்கறோம்."

சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன். அவன் தாத்தா போர்க்கப்பலில் துடுப்புப் போட்டவர். கப்பலை நகர்த்துகிற கைகளைக் கேட்டுத்தான் நாடும் நகர வேண்டும். மக்களாட்சி என்றால் அவனுக்குத் தெரிந்தது அதுதான்.

அதற்கும் வெகுகாலம் முன்பு, பெரிய குடும்பங்கள் எல்லோரையும் ஆட்டிவைத்தபோது, அந்தப் பிடியை உடைக்க ஜனங்களை ஊர்வாரியாகப் பிரித்தார்களாம். ஒருவன் யார் என்று இனி குலம் சொல்லாது, ஊர் சொல்லும். நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குப் பாட்டன் எந்த ஊரில் இருந்தானோ அதுவே பேரனுக்கும் ஊர், அவன் எங்கே போய்ப் பிழைத்தாலும். திமாந்திரோஸின் ஊர் மலைக்கு அந்தப் பக்கம். பதினெட்டு வயதில் குடிமகனாகப் பெயர் பதியப் போனவன் அப்புறம் எட்டிப் பார்க்கவில்லை. நல்லதுக்கும் போகவில்லை, சாவுக்கும் போகவில்லை. பெரிய சபை இருக்கும்போது அந்தப் பட்டிக்காட்டுக் கூட்டம் எதற்கு என்பான்.

ஒருநாள் சபையிலிருந்து துள்ளிக்கொண்டு வந்தான். வெளியாட்கள் திருட்டுத்தனமாகக் குடிமக்கள் ஆகிவிட்டார்களாம். ஒவ்வொரு ஊரும் தன் ஆட்களை ஒவ்வொருவராக வாக்கெடுப்பில் சலிக்க வேண்டும் என்று தீர்மானம்.

"நானும் கை தூக்கினேன். இனிமே கலப்படமே இருக்காது, பாரு."

மலைக்கு அந்தப் பக்கம் அவன் பெயரை வாசித்தபோது யாருக்கும் முகம் தெரியவில்லை. விரோதம்கூட இல்லை. யாரோ துறைமுகத்தான் என்றார்கள், வாக்கெடுத்து நீக்கிவிட்டார்கள். அவன் அப்பாவை அறிந்திருந்த கிழவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

அதை ஏற்றுக்கொண்டால் என்னைப் போலக் காலம் தள்ளலாம். எதிர்த்து வழக்கு மன்றத்துக்குப் போய்த் தோற்றால் அடிமையாக விற்றுவிடுவார்கள். நான் அவன் காலில் விழாத குறைதான்.

"விட்டுடுப்பா. நான் வாழலையா? திங்கறேன், தூங்கறேன், பிள்ளைகுட்டி வளருது."

"உன்ன மாதிரியா?" என்றான்.

சுருக்கென்றது. அவனுக்கே உறைத்திருக்க வேண்டும், என் தோளைத் தொட்டான். "தப்பா எடுத்துக்காத. அந்த மன்றத்துல நானே நடுவனா உட்கார்ந்திருக்கேன். குலுக்கிப் போட்டு எடுக்கற ஆளுங்க, எவனும் விலைக்கு வாங்க முடியாது. செருப்புத் தைக்கறவன், மீன் விக்கறவன்... எல்லாம் நம்ம ஆளுங்க. அவங்களுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நான் யாருன்னு."

அவன் மனைவி பிலின்னா என்னைத் தேடி வந்தாள். "அண்ணே, நீங்க சொன்னா கேப்பாரு." சொல்லிப் பார்த்தாயிற்று என்பதை மறைத்து, பார்க்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

வழக்கு நாளில் வேலிக்கு வெளியே நின்றேன். தாத்தாவின் துடுப்பைப் பற்றி அவன் நன்றாகத்தான் பேசினான். அவனை நீக்கிய ஊர்க்காரர்களில் ஒருவன் எழுந்து, "நம்ம ஊர்த் திருவிழா எந்த மாசம், சொல்லு" என்று கேட்டான். திமாந்திரோஸ் வாயைத் திறந்தான், மூடினான்.

நடுவர்கள் கலந்து பேசுவது வழக்கமில்லை. வரிசையாக வந்து வெண்கலச் சில்லைக் குடத்தில் போட்டார்கள். துளையுள்ளது அவனுக்கு எதிராக, துளையில்லாதது அவனுக்கு ஆதரவாக. எது விழுகிறது என்று தெரியாதபடி விரலால் பொத்திப் போடுவார்கள். பிறகு எல்லோரும் பார்க்கப் பலகையில் அடுக்கி எண்ணினார்கள். துளைச் சில்லுகள் கொஞ்சம்தான் அதிகம்.

காவலர்கள் அவனை என் பக்கமாக இட்டுவந்தார்கள்.

"நீ பார்த்தேல்ல? எண்ணினது சரிதானா?"

"சரிதான்."

"யாரும் தில்லுமுல்லு பண்ணலையே?"

"இல்லப்பா."

சரி என்று தலையாட்டிக்கொண்டே போனான். தில்லுமுல்லு நடந்தது என்று பொய்யாவது சொல்லியிருக்கலாமோ என்று இன்றும் தோன்றுகிறது. ஏலத்தில் வெள்ளிச் சுரங்கத்துக் குத்தகைக்காரன் ஒருவன் அவனை எடுத்தான். அந்தச் சுரங்கத்துக்குள் போனவர்கள் ரொம்ப நாள் தாங்குவதில்லை.

பிலின்னா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்திருந்தாள்.

"யாருண்ணே இப்படிப் பண்ணினது? பேரை மட்டும் சொல்லுங்க. அவன் குடி விளங்காம போகட்டும்."

செருப்புத் தைக்கிறவனைச் சொல்வதா, மீன்காரனைச் சொல்வதா, கை தூக்கிய அவனையே சொல்வதா?

"எல்லாரும்தாம்மா," என்றேன்.