மூலையில் நூல் பிரித்த மேசைவிரிப்புகள்

17.3.2024, ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணியளவில், ஓட்டல் துணிகளை வெளுத்துத் தரும் சலவை ஆலை ஒன்றின் மேற்பார்வையாளரும் அவ்வாலையின் காவலர் இருவரும், ஒரு வாடகைக் கட்டடத்தின் மொட்டைமாடிக்குள் அனுமதியின்றி நுழைந்தனர். அன்று அங்கே ஒரு பெண்பிள்ளைக்குப் பதினைந்தாவது பிறந்தநாள். அவளுடைய தாயைத் தடியால் அடித்தனர். தகப்பனைப் படியில் உருட்டிவிட்டனர். அப்பிள்ளையின் முன்பல் ஒன்றை உடைத்தனர். இதுவே என் குற்றச்சாட்டு. அடிபட்ட தாய் என் உடன்பிறந்த தங்கை. என் மூக்குக்கண்ணாடியும் அன்று உடைந்தது. அதை இக்குற்றச்சாட்டில் சேர்க்கவில்லை.

ஆலை கொடுத்துள்ள புகாரில் என் தங்கை, ‘துணி திருடிய பெண் தொழிலாளி’ என்று ஒரே வரியில் முடிந்துபோகிறாள். இருபத்திரண்டு ஆண்டுகள் உழைத்த ஒருத்தியை ஒரு வரியில் முடிப்பது முறையன்று. ஆகவே அவள் யார் என்பதை முதலில் பதிவு செய்கிறேன்.

எங்கள் தகப்பனார் கைநீட்டும் பழக்கமுள்ளவர். அதற்கென்றே ஒரு பெல்ட்டை ஆணியில் மாட்டி வைத்திருந்தார். நான் அடியை வாங்கிக்கொண்டு மூலையில் உட்காருபவன். என் தங்கை அப்படியல்ல. ஒருநாள் அந்த பெல்ட்டை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டாள். அன்று அவர் அவளைக் கையாலேயே அடித்தார். கன்னம் வீங்கிப்போய் என்னிடம் வந்து, “கையால அடிச்சா அவருக்கும் கொஞ்சம் வலிக்கும்ல அண்ணே?” என்று கேட்டாள். அவளுடைய கணக்கு எப்போதும் அப்படித்தான்.

பதினெட்டு வயதில் சலவை ஆலைக்குப் போனாள். சூடான இரண்டு பெரிய உருளைகளுக்கிடையே ஈரப் போர்வைகளைக் கொடுத்து, மறுபுறம் காய்ந்து மடிப்பின்றி வருவதை வாங்க வேண்டும். இதுவே அவள் வேலை. சுள்ளென்று பேசுவதால் அங்கே அவளுக்கு ‘நீராவி’ என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த மறு ஆண்டில் ஒரு போர்வையோடு அவளது இடக்கையும் உருளைக்குள் போயிற்று. பக்கத்தில் இருந்தவர்கள்தாம் அலறினார்கள். அவள் காலை நீட்டி, இயந்திரத்தை நிறுத்தும் மிதிகட்டையை உதைத்தாள். நசுங்கிய சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் ஒன்றோடொன்று ஒட்டியே ஆறின. இரத்தம் பட்ட போர்வையின் விலை அம்மாதச் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. பிடித்தத்தைக் காட்டும் சீட்டு என்னிடம் உள்ளது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பழைய காகிதக் கடையில் வேலை செய்கிறேன். எடைக்கு வரும் சட்டப் புத்தகங்களைப் படித்தே எழுதக் கற்றேன். எந்தச் சீட்டையும் எறிவதில்லை என்பது அங்கே கற்ற பாடம்.

அவளுடைய கணவர், அதாவது என் மைத்துனர், சிறு சரக்கு வண்டி ஓட்டுகிறார். ஒரே மகள். உருவத்தில் சிறியவள், ஆனால் கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பதால் அவளைக் ‘கடுகு’ என்றே அழைக்கிறோம். இந்த ஆண்டின் தொடக்கத்தில் ஒருநாள் கன்னத்தில் நகக்கீறலோடு பள்ளியிலிருந்து வந்தாள்.

“யாருடி கீறினது?” என்றாள் என் தங்கை.

“நான்தான் முதல்ல அடிச்சேன். அப்புறம்தான் அவ கீறினா.”

“எதுக்கு அடிச்ச?”

“எல்லார் பர்த்டேக்கும் போய் நல்லா மொக்கிட்டு வரேனாம். என் பர்த்டே மட்டும் காலண்டர்லயே இல்லையாம். ‘இவ வரும்போது வாய் மட்டும்தான் கொண்டு வருவா’ன்னா. அதான் வாயிலயே குடுத்தேன்.”

என் தங்கை அவளுக்கு ஓர் அறை கொடுத்தாள். பிறகு கீறலுக்கு மருந்து போட்டுவிட்டுச் சொன்னாள்: “அந்தப் பொண்ணையும் கூப்பிடு. மொத்த கூட்டத்தையும் கூப்பிடு. நம்ம வீட்ல பர்த்டே.”

அன்றிலிருந்து திட்டமிடல் தொடங்கியது. என் தங்கை வீடு ஒரே அறை. மண்டபம், உணவகம் என்பவை பேச்சுக்கே வராதவை. ஆகவே மொட்டைமாடி என்று முடிவாயிற்று. கட்டடத்துக்காரரிடம் அதற்கான அனுமதியை நான் எழுத்தில் வாங்கிக் கொடுத்தேன். வாய்ச்சொல்லே போதுமே என்று மைத்துனர் சிரித்தார்.

“கேக் ஒண்ணு போதும். மெல்லிசா வெட்டினா எல்லாருக்கும் வந்துரும்,” என்றார் அவர்.

“மெல்லிசா வெட்டினா இந்தப் பக்கம் இருக்கறவளுக்கு அந்தப் பக்கம் இருக்கறவ தெரிவா,” என்றாள் தங்கை. “சின்ன கேக் ரெண்டா வாங்குவோம்.”

“விரலுக்கேத்த வீக்கம் வேணும் புள்ள.”

“என் விரலைப் பத்தி மட்டும் பேசாதீங்க. அது வீங்கி முடிஞ்சு ரொம்ப நாளாச்சு.”

பலூன் இல்லை, அது காற்றுக்குக் கொடுக்கும் காசு என்று தங்கை பட்டியலிலிருந்து அடித்துவிட்டாள். பழச்சாற்றைப் புட்டியாக வாங்கிக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றினால் வீட்டில் பிழிந்ததுபோல் இருக்கும் என்பது கடுகின் யோசனை. வண்டியில் சரக்குக்கு அடியில் போடும் பலகைகளைத் தண்ணீர்ப் பீப்பாய்களின்மேல் வைத்து மூன்று மேசைகள் செய்தார் மைத்துனர். பார்க்கச் சவப்பெட்டிக் கடை போல் இருந்தது. அவற்றை மூடத்தான் விரிப்பு தேவைப்பட்டது.

இங்கே ஆலையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓட்டல்கள் வேண்டாமென்று கழித்துவிடும் துணியின் மூலையில் சிவப்பு நூலால் ஒரு தையல் போடுவார்கள். அத்துணியைத் தொழிலாளர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். வாசலில் நிற்கும் காவலர் மூலையைத் தொட்டுப் பார்த்து, நூல் இருந்தால் விட்டுவிடுவார். அதற்குச் சீட்டு கிடையாது, பதிவு கிடையாது. நூல்தான் எல்லாம். என் தங்கை வீட்டுத் தலையணை உறை முதல் கரித்துணி வரை அந்தச் சிவப்புத் தையல் இருக்கும்.

பிப்ரவரியில் ஒரு பெரிய ஓட்டலின் வெள்ளை மேசைவிரிப்புகள் கழிக்கப்பட்டன. நடுவில் பூ நெய்த கனமான துணி. ஓரத்தில் கிழிசல் இருந்த மூன்றை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நெட்டையன் என்று எல்லோரும் சொல்லும் காவலன்தான் அன்று வாசலில் மூலையைத் தொட்டுப் பார்த்து விட்டவன். கிழிசலைத் தைத்து, கஞ்சி போட்டு, தேய்த்து விரித்தபோது பலகைகள் மறைந்து, விருந்து மேசை வந்து நின்றது. கடுகு சுற்றிச் சுற்றி வந்து மூலையில் நின்றாள்.

“அம்மா, இந்தச் சிவப்பு நூல் என்னன்னு கேப்பாளுங்க.”

“கேட்டா என்ன?”

“ஓட்டல்காரன் தூக்கிப் போட்டதுன்னு சொல்லட்டுமா?”

என் தங்கை ஒரு பிளேடை எடுத்து, துணி இழை ஒன்றுகூட அறாமல், மூன்று விரிப்புகளின் நூலையும் பிரித்தெடுத்தாள். வாசலைத் தாண்டிய துணியை அதுவரை யாரும் திரும்பக் கேட்டதில்லை.

பிறந்தநாளன்று வந்த பிள்ளைகளில் ஒருத்தி, அந்த மேசையைப் படமெடுத்துத் தோழியருக்கெல்லாம் அனுப்பினாள். அதைப் பார்த்தவர்களில் ஒருவர், அதே ஓட்டலின் பண்டகப் பொறுப்பாளர். அவர் மகளும் அவ்வகுப்பில் படிப்பவள். அந்த வாரம் ஓட்டலில் நல்ல விரிப்புகள் சில குறைந்து, அவற்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நெய்த பூ அந்த ஓட்டலின் சின்னம். யார் வீட்டு விருந்து என்று மகளிடம் கேட்டறிந்து, அவர் ஆலைக்குத் தொலைபேசியில் பேசினார். கேக் வெட்டி முடிவதற்குள் மேற்பார்வையாளரும் காவலர் இருவரும் மாடியேறி வந்துவிட்டார்கள்.

நெட்டையன் எதுவும் கேட்கவில்லை. விரிப்பின் ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். கேக், தட்டுகள், குடுவை, டம்ளர்கள் எல்லாம் தரையில் நொறுங்கின. கண்ணாடித் துண்டுகள் பிள்ளைகளின் காலில் தெறித்தன. ஒரு பெண் காலைப் பிடித்துக்கொண்டு அலறினாள்.

மைத்துனர் குறுக்கே வந்தார். “பிள்ளைங்க இருக்காங்க. எதுவானாலும் கீழ போய்ப் பேசலாம் வாங்க.”

“கீழதானே? நீ முன்னாடி போ,” என்று சொல்லி, மற்றொரு காவலன் அவரை நெஞ்சில் தள்ளினான். அவர் படிகளில் உருண்டு, அடுத்த மாடியின் திருப்பத்தில் போய் விழுந்தார். மணிக்கட்டு முறிந்த ஓசை மேலே எங்களுக்குக் கேட்டது.

மேற்பார்வையாளர் விரிப்பின் நான்கு மூலைகளையும் திருப்பிப் பார்த்தார். “நூல் எங்க நீராவி?”

“பிரிச்சிட்டேன்.”

“ஏன் பிரிச்ச?”

“பிள்ளைங்க பாப்பாங்கன்னு.”

“திருடறவங்க எல்லாம் இதத்தான் முதல்ல பிரிப்பாங்க.”

“யாரைப் பாத்து சார் திருடின்னு சொல்றீங்க? வாசல்ல மூலையத் தொட்டுப் பாத்துட்டு விட்டது இந்த நெட்டையன்தானே? அவனையே கேளுங்க! டேய், சொல்லுடா!”

அந்தக் கேள்விதான் நெட்டையன் கையிலிருந்த தடியை இறக்கியது. ஆம் என்று சொன்னால், ஓட்டல் தேடும் துணியை வாசலில் விட்டவன் என்று அவன் வேலை போகும். முதல் அடி அவள் தோளில் விழுந்தது. இரண்டாவது காதோடு சேர்த்துக் கன்னத்தில். அவள் கண்ணாடித் துண்டுகளின்மேல் முட்டிபோட்டு விழுந்தாள். தடி மூன்றாம் முறை உயர்ந்தது. அது இறங்குவதற்குள் கடுகு, உடையாமல் கிடந்த பழச்சாற்றுப் புட்டியை எடுத்து அவன் தலையில் போட்டாள்.

அவன் நெற்றி பிளந்தது. இரத்தம் கண்ணில் வழிய, அவளை முடியைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினான். ஒரு பல் தெறித்துக் கேக்கின் மேல் விழுந்தது. நான் அவன் கையைப் பிடித்தேன். யாரோ என் முகத்தில் குத்தினார்கள். அதற்குப்பின் எனக்கு உருவங்கள் மங்கலாகத்தான் தெரிந்தன. ஆனாலும் அருகில் நடந்ததைக் கண்டேன். என் தங்கை எழுந்து, ஒட்டிய விரல்களுள்ள அந்தக் கையால் நெட்டையனின் கழுத்தைப் பிடித்தாள். அவன் மகளின் முடியை விட்டு, மூச்சு திணறி மண்டியிடும் வரை பிடியைத் தளர்த்தவில்லை. இதையும் நான் மறைக்கவில்லை.

“போதும், துணிய எடு,” என்றார் மேற்பார்வையாளர். கேக்கும் இரத்தமும் படிந்த மூன்று விரிப்புகளையும் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

மறுநாளே ஆலை காவல் நிலையத்தில் புகார் கொடுத்தது: தாய் திருடினாள், மகள் ஆயுதத்தால் ஆலைக் காவலரைத் தாக்கினாள். ஆலையில் அந்த விரிப்புகளுக்குச் சிவப்பு நூல் தைத்த பெண்ணிடம் போய்ச் சாட்சி கேட்டோம். “எனக்கும் பிள்ளைங்க இருக்காங்க அண்ணே,” என்று கதவைச் சாத்தினார். அவரை நான் குறைகூறவில்லை.

அந்த வாரமே எங்களை ஆலை அலுவலகத்துக்கு அழைத்தார்கள். மேசையில் தட்டச்சு செய்த தாள் ஒன்று தயாராக இருந்தது.

“திருடினேன்னு ஒரு கையெழுத்து போடு,” என்றார் மேற்பார்வையாளர். “பொண்ணு மேல குடுத்த புகாரை வாபஸ் வாங்கிக்கறோம். இல்லேன்னா படிக்கற புள்ள கேஸு, கோர்ட்டுன்னு அலையணும். உன் பேரா, அவ வாழ்க்கையா? நீயே சொல்லு.”

என் தங்கை பேனாவை எடுத்தாள். பெல்ட்டை எரித்தவள், உருளையை உதைத்து நிறுத்தியவள், மகளுக்காக அந்தப் பேனாவை எடுத்தாள். என்னிடமும் அப்போது சொல்வதற்கு ஒரு சட்டமும் இல்லை.

கடுகு தாயின் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள். உதடு வீங்கி, தையல் போட்டிருந்ததால் சொற்கள் வழுக்கி வந்தன. “எதுக்கும்மா நீ போடற? நான் அடிச்சேன் சார். இல்லேன்னு சொல்லல. அவர் எங்கம்மாவ அடிச்சாரு, அப்புறம் நான் அடிச்சேன். ரெண்டையும் எழுதுங்க. வரிசையா எழுதுங்க.”

“வாய மூடு.”

“மூட முடியல சார். தையல் போட்டிருக்கு.”

என் தங்கை எழுந்தாள். “வாடி போலாம்.”

அங்கிருந்து நேரே காவல் நிலையம் சென்றோம். கடுகின் வாக்குமூலத்தை நான்தான் எழுதினேன். ‘அச்சத்தில் கை தவறிப் புட்டி பட்டுவிட்டது’ என்று எழுதி வாசித்துக் காட்டினேன். அவள் தலையை ஆட்டினாள். “தவறல மாமா. குறி பாத்துத்தான் அடிச்சேன். அம்மாவ இன்னொரு அடி அடிச்சிருப்பான்.” இதனால் வழக்கு கடினமாகும் என்று எடுத்துச் சொன்னேன். என் தங்கை மகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “அவ சொன்னபடியே எழுது அண்ணே,” என்றாள். அவ்வாறே திருத்தினேன்.

இப்போது என் தங்கைக்கு வேலை இல்லை. மைத்துனரின் கை மாவுக்கட்டில் இருப்பதால் வண்டியும் ஓடவில்லை. மகள் மீதான வழக்கு நிலுவையில் உள்ளது. அவள் பள்ளிக்குப் போகிறாள். மருத்துவச் சீட்டுகள், கேக் வாங்கிய ரசீது, கட்டடத்துக்காரரின் அனுமதி, அன்று எடுத்த படம் ஆகியவற்றின் நகல்கள் என்னிடம் உள்ளன. கேட்போருக்குக் காட்டுவேன்.

ஆலையின் உரிமையாளருக்கு: சிவப்புத் தையலிட்ட துணியைத் தொழிலாளர்கள் எடுத்துச் செல்ல இத்தனை ஆண்டுகளும் தங்கள் ஆலை அனுமதித்ததா, இல்லையா? பிள்ளைகள் கூடியிருந்த இடத்துக்குத் தடியோடு ஆட்களை அனுப்பியது தாங்களா, அன்றி மேற்பார்வையாளர் தாமாக வந்தாரா? ஒரு தாயை அடித்த பிறகே அந்தப் பிள்ளை அடித்தாள் என்பதை மறுக்கிறீர்களா? இவற்றுக்குப் பதினைந்து நாட்களுக்குள், ஆலையின் முத்திரையோடும் தங்கள் கையொப்பத்தோடும் எழுத்துமூலமான பதிலைக் கோருகிறேன். அஞ்சலில் அனுப்பினால் போதும். ஆள் அனுப்ப வேண்டாம்.