தீர்த்தக்கரையில் வராத பெயர்

எனக்கு ஈரல் சுருங்கும் நோய். தினமும் வயிறு இளகிப் போக சர்க்கரைப் பாகு மாதிரி ஒரு பாணி மருந்து தந்திருந்தார்கள். இறந்துபோன அப்பாவுக்குப் பிதிர்க்கடன் செய்ய ஆடி அமாவாசைக்கு அமிர்தகழிக் கோயிலுக்குப் போனால் அந்தச் சனத்துக்குள் கக்கூசுக்கு எங்கே ஓடுவது? சில நாட்களுக்கு முன்பே மருந்தை நிறுத்திவிட்டேன். அன்று விரதம் வேறு.

தீர்த்தக்கரையில் தர்ப்பையோடு உட்கார்ந்தேன்.

"அப்பாட பேரைச் சொல்லுங்க," என்றார் ஐயர்.

அப்பாவின் முகம் தெரிந்தது, மீசை தெரிந்தது. பெயர் மட்டும் வரவில்லை. நான் சிரித்துக்கொண்டிருந்தேனாம். நீட்டிய கை தானாக உதறுவதைக் கண்டு மனைவிதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஈரலால சுத்தப்படுத்த ஏலாத நஞ்சு வயித்தால போகாட்டி மூளைக்குத்தான் ஏறும், ஐயா. மருந்தை விடலாமா?" என்று டொக்டர் ஏசினார்.

அங்கே மறுபடி மருந்தைத் தந்தார்கள்; மறுநாள் வயிறு இளகியது. கதிராமத்தம்பி என்ற பெயர் யாரும் கேட்காமலே வாயில் வந்தது. மறந்ததைவிட, மறந்தது எனக்கு ஒரு குறையாகவே தோன்றாததை நினைத்தால்தான் இன்றும் பயமாக இருக்கிறது.

இப்போது மருந்துக் கரண்டியை நீட்டும்போதெல்லாம் மனைவி கேட்பாள்: "உங்கட அப்பாட பேர் என்ன?"

ஒருநாள் விளையாட்டுக்குப் பேசாமல் இருந்தேன். கரண்டி அவள் கையிலிருந்து விழுந்தது. அதன் பிறகு, அவள் கேட்டு முடிக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்.