கட்டிலில் வைக்கக் கூடாத தொப்பி

கனடாவின் கல்கரியில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் கார்ல், மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்து ஓய்ந்த கிழவர். வந்த முதல் வாரம், வேலை முடிந்து அறைக்குள் நுழைந்ததும் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கட்டிலில் போட்டேன். வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தவர் பாய்ந்து வந்து அதை எடுத்தார். "நாட் ஆன் த பெட்!" பேனுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்து, தினமும் தலைக்குக் குளிக்கிறேன் என்று சத்தியம் செய்தேன். மனிதர் குழம்பிப்போய்க் கிளம்பிவிட்டார். கட்டிலில் தொப்பி கிடந்தால் வீட்டில் யாராவது நோயில் படுத்துவிடுவார்கள் என்பது இங்கே நம்பிக்கையாம். நான் வேலை பார்க்கும் இடத்தில் பிறகு சொன்னார்கள். பூனை குறுக்கே போனதற்காகத் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் ரயிலைத் தவறவிட்டவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். வெள்ளைக்காரனுக்குமா இதெல்லாம் என்று அன்று சிரித்தேன்.

நான் வேலை பார்ப்பது தொப்பிக் கடையில். ஹெல்மெட்டைத் தவிர எதையும் தலையில் வைத்தறியாதவனுக்கு வாய்த்த பிழைப்பு இது. ஆட்டுக் கம்பளியும் முயல் ரோமமும் கலந்து, நீராவியில் அழுத்திச் செய்த ஃபெல்ட் தொப்பிகள்தான் எங்களிடம் அதிகம் போகும். முயல் ரோமம் மென்மையைத் தரும், தூறலையும் தாங்கும். கம்பளி விலையைக் குறைக்கும், ஆனால் ஈரம் பட்டுக் காய்ந்தால் சுருங்கிக்கொள்ளும். உச்சி மடிப்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது, அங்கேதான் முதலில் விரிசல் விடும். கழற்றினால் மல்லாக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பு கோணிவிடும். பிரஷ் போடுவதை ஒரே திசையில் போட வேண்டும். உள்ளே நுழைகிறவரைப் பார்த்த மாத்திரத்தில் தலையின் அளவைச் சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

சேலையூரில் இருக்கும் என் அக்கா பள்ளி ஆசிரியை. எனக்கு இங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதி வந்த செய்தியை அவளிடம்தான் முதலில் சொன்னேன். "பேப்பர் வந்தா திருப்பதிக்கு முடி தரேன்னு வேண்டியிருந்தேன்டா. அடுத்த வாரம் போறோம்" என்றாள். இடுப்பைத் தாண்டிய முடி அவளுக்கு. எனக்காகவா என்று பூரித்துப்போனேன். தலையை டேப் வைத்து அளந்து சொல்லச் சொல்லி, பழுப்பு நிறத்தில் கலப்பு ஃபெல்ட் தொப்பி ஒன்றைப் பல்லாவரம் போகிற நண்பனிடம் கொடுத்தனுப்பினேன். தாம்பரம் வெயிலுக்கு ஃபெல்ட் தொப்பி பைத்தியக்காரத்தனம்தான். அவளோ வீடியோவில் பேசும்போதெல்லாம் அதைத் தலையிலேயே வைத்திருந்தாள். அளந்தபோது முடி இருந்ததால் இப்போது சற்று லூசாக இருந்தது. உள்ளே ஓடும் தோல் பட்டைக்குப் பின்னால் பேப்பரை மடித்துச் செருகு, மூன்று மாதத்தில் முடி வளர்ந்து சரியாகிவிடும் என்றேன்.

மூன்று மாதம் போனது. ஐந்தும் போனது. நடுவில் ஐப்பசி, கார்த்திகை மழை வந்து போனது. "சுவரெல்லாம் ஓதம், பீரோல இருக்கற துணியெல்லாம் பூஞ்சை" என்று அவளே புலம்பினாள். கம்பளி சேர்ந்த தொப்பி இந்த ஈரத்துக்கு இறுகியிருக்க வேண்டும். முடி வளர்ந்த தலைக்கும் அது இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் வாரத்துக்கு வாரம் விளிம்பு கீழே இறங்கிக்கொண்டே வந்தது. "இன்னும் ரெண்டு மடிப்பு பேப்பர் வெச்சேன்" என்பாள். பள்ளிக்கூடம் எப்படி என்றால் பேச்சை மாற்றுவாள். ஒரு நாள் நான் கூப்பிட்டபோது திரையில் முதலில் தெரிந்தது கட்டிலில் கிடந்த தொப்பி. முகம் திரைக்குள் வருவதற்குள் சட்டென்று போனைக் கவிழ்த்தாள். பிறகு முகம் தெரிந்தபோது தொப்பி தலையில் இருந்தது. கார்லின் பைத்தியம் எனக்கும் தொற்றிவிட்டது என்று என்னையே திட்டிக்கொண்டேன். அன்று கடையில் இரண்டு பேருக்கு அளவைத் தப்பாகச் சொன்னேன்.

மறுநாள் எனக்குக் காலை, அவளுக்கு மாலை. "தோல் பட்டை பூஞ்சை பிடிச்சிருக்கான்னு பாக்கணும்க்கா. கழட்டிக் காட்டு" என்றேன்.

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"கழட்டுக்கா."

பின்னாலிருந்து அவள் கணவர், என் மாமாவின் குரல் மட்டும் கேட்டது. "எத்தனை நாளைக்கு? காட்டிடு."

கழற்றினாள். சொன்னபடியே விளிம்பைப் பிடித்துத்தான் கழற்றினாள். தலை வழவழவென்று இருந்தது. அதைக்கூட இரண்டாம் முறை மொட்டை என்று நம்பியிருப்பேன். புருவம் இல்லை. இமை மயிரும் இல்லை. திருப்பதியில் புருவத்தை எடுப்பதில்லை.

"உனக்கு பேப்பர் வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் டாக்டர் சொன்னாரு. மார்ல கட்டி" என்றாள். "நீ அவ்ளோ சந்தோஷமா பேசினியா, எப்படிச் சொல்றது? மருந்து ஏத்தினா முடி எப்படியும் கொட்டும்னாங்க. சரி, பெருமாள் கணக்குல போகட்டும்னு சொல்லிட்டேன்."

எனக்காகக் கொடுத்த முடி என்று இத்தனை மாதம் பூரித்துக் கிடந்ததை நினைத்துக் கூசினேன்.

"ஒரு துணியக் கட்டிக்கிட்டிருக்கலாமே. அந்த வெயில்ல இதப் போய்..."

"துணி கட்டினா கண்ணாடில நோயாளி தெரியறா. இதைப் போட்டா உன் கடை கஸ்டமர் மாதிரி இருக்கேன்ல?"

"இப்ப எப்படி இருக்கு?"

"வேற மருந்து மாத்தறாங்க. முதல் மருந்து கேக்கலையாம்."

"நான் வரேன்."

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. "வரும்போது ஒரு சைஸ் சின்னதா எடுத்துட்டு வாடா. இது மூக்கு மேல வந்து உக்காருது" என்றாள்.

யார் யாருடைய தலையையோ ஒரே பார்வையில் அளந்து சொல்கிறவன், அக்காவுக்கு எடுக்கக் கடை அலமாரி முன்னால் வெகுநேரம் நின்றேன். நான் போய்ச் சேரும்போது எந்த அளவில் இருப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் அவள் கேட்ட சின்ன அளவையே எடுத்தேன்.

அறையில் பெட்டி கட்ட உட்கார்ந்தேன். பெட்டிக்குள் வைத்தால் தொப்பி நசுங்கிவிடும். நாற்காலி நிறையத் துணி, மேசை நிறையக் காகிதம். கட்டிலின் ஓரத்தில் மட்டும் ஒரு தொப்பி வைக்கிற அளவுக்கு இடம் இருந்தது. சேலையூரில் யாரும் அங்கே வைக்க ஒரு நொடி யோசிக்க மாட்டார்கள். நான் அதைத் தலையில் வைத்துக்கொண்டேன். அக்காவின் அளவு எனக்குச் சேரவில்லை; உச்சியில் ஏறி நின்றது. விழுந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் சட்டைகளை மடிக்கத் தொடங்கினேன்.