அம்மா ஒட்டிய பதில்

என் அம்மா எக்சில்டா சிபேசாவின் அடக்கத்தன்று தேவாலயத்தில் வாசித்த வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரி இல்லை. விடச் சொன்னது நான்தான். அந்த இடத்தில் என்ன வர வேண்டும் என்பது இப்போது தெரிந்துவிட்டது.

எங்கள் ஊரான கிட்வேயில், சுரங்கங்களுக்கு உதிரிபாகம் விற்கும் நிறுவனமொன்றில் அம்மா கணக்கு எழுதினார். அப்பா போன பிறகு கணக்காளர் தேர்வுகளைத் தொடங்கினார். தோற்பார், மறுபடி எழுதுவார். கடைசியில் தணிக்கைத் தாள் மட்டும் மிச்சம். அதில் தேறினால் பெயருக்குப் பின்னால் பட்டத்தின் எழுத்துகளைப் போட்டுக்கொள்ளலாம். சம்பளம் ஒன்றும் பெரிதாக ஏறாது. அவருக்கு வேண்டியது அந்த எழுத்துகள்தான்.

அலுவலகத்தில் பக்கத்து மேசை முபாங்காவுக்கு வாய் சும்மா இருக்காது.

"பானா கசோண்டே, பேரனுக்குப் பாடம் சொல்லிக்குடுக்குற வயசுல நீங்களே பரீட்சை எழுதுறீங்களே!"

கசோண்டேயின் அம்மா என்று அர்த்தம். கசோண்டே நான்.

"பேரன் இன்னும் வரலப்பா. வந்தா அவனையும் உன்னையும் ஒண்ணா உக்கார வச்சுச் சொல்லித் தரேன்" என்பார் அம்மா.

அவர் தட்டச்சு படித்தது பழைய இரும்பு இயந்திரத்தில். மடிக்கணினியையும் அதே வேகத்தில் குத்துவார். பக்கத்து வீட்டு பானா பூபே சுவருக்கு அந்தப் புறமிருந்து கத்துவார்: "அடியே, கணக்கு எழுதுறியா, மரவள்ளி இடிக்கிறியா?"

"ரெண்டும்தான். களி கிண்டினதும் கூப்பிடுறேன், வா!"

எங்கள் ஊரில் மின்சாரம் சொல்லிக்கொண்டு போவதில்லை. அது போனால் இணையமும் போகும். இணையப் பக்கத்தில் எழுதி வைத்ததெல்லாம் அதோடு போகும். அதனால் அம்மாவின் அலுவலகத்தில் யாரும் நேராக அங்கே எழுதமாட்டார்கள். கணினியிலேயே இருக்கும் நோட்பேடில் எழுதி முடித்து, நகலெடுத்துக் கொண்டுபோய் ஒட்டுவார்கள். மடிக்கணினியின் பேட்டரி இருக்கும்வரை நோட்பேடில் இருப்பது எங்கேயும் போகாது. கை கழுவிவிட்டுச் சாப்பிடுவதுபோல, யோசிக்காமல் செய்யும் காரியம் அது.

தணிக்கைத் தாளையும் அம்மா அப்படித்தான் எழுதினார். வீட்டில், கேமராவுக்கும் மைக்குக்கும் முன்னால் உட்கார்ந்து. கேள்வியிலிருந்து நகலெடுத்துப் பதிலில் ஒட்டலாம், தேர்வுப் பக்கத்துக்கு வெளியிலிருந்து எதையும் ஒட்டக்கூடாது என்பது விதி. அதை அவர் படித்திருந்தார்.

முடிவு வரவில்லை. வேறு யாரோ எழுதிய பதிலை ஒட்டியதாகச் சந்தேகம், விசாரணை நடக்கும் என்று தேர்வை நடத்தும் கணக்காளர் சங்கத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. நான் அப்போது சோல்வேசி சுரங்கத்தில் கணினி இணைப்பு வேலையில் இருந்தேன். அம்மா அழைத்தார்.

"கசோண்டே, என்னைத் திருடின்னு சொல்றாங்க."

"நோட்பேடுல எழுதுனீங்களா?"

"எப்பவும் போல."

"வெளியில இருந்து ஒட்டக்கூடாதுன்னு இருக்கேம்மா."

"அடுத்தவங்க எழுதினதைத்தானே? இது நான் எழுதினதுடி. என் சோத்தை ஒரு தட்டுல இருந்து இன்னொரு தட்டுக்கு மாத்துனா திருட்டா?"

"அந்த நோட்பேடைச் சேமிச்சீங்களா?"

"எதுக்கு? அதான் ஒட்டியாச்சே. மூடிட்டேன்."

ஊருக்கு வந்து மடிக்கணினியைத் துருவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மறுபடி பார்த்தேன். இல்லாததை எத்தனை முறை தேடினாலும் இல்லை என்று தெரிந்தே பார்த்தேன்.

விசாரணை முடியும்வரை என்று சொல்லி, பணம் பட்டுவாடா செய்யும் வேலையை மேலாளர் அம்மாவிடமிருந்து எடுத்து முபாங்காவிடம் கொடுத்தார். ஒருநாள் அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, "முபாங்கா என்னைக் கிண்டல் பண்றதையே நிறுத்திட்டான்" என்றார்.

விசாரணைக்கு முந்தைய வாரம் அம்மா அலுவலக மேசையிலேயே சரிந்தார். மருத்துவமனை போய்ச் சேரவில்லை.

துக்க வீட்டில் மாமா குறிப்பு எழுத உட்கார்ந்தார். அம்மாவின் தம்பி.

"படிப்புன்னு என்ன போடுறது? கணக்காளர்னு போடவா?"

"போடாதீங்க மாமா."

"தேர்வு எழுதினாள்னாவது?"

"அதையும் வேண்டாம்."

அவர் என்னையே பார்த்தார். நான் எழுந்து வெளியே போனேன். அந்த நாட்களில் எங்கேயும் உட்கார முடியவில்லை. அடுப்பு வரை போவேன், திரும்புவேன். பாடிக்கொண்டிருந்த பெண்கள் எனக்கு வழிவிட்டு வழிவிட்டுச் சலித்தார்கள்.

சங்கத்துக்குச் செய்தி சொன்னேன். அதிகாரி வருத்தம் தெரிவித்தார். "அப்ப கோப்பை மூடிடலாம் மேடம்."

"மூடினா அதுல என்னன்னு இருக்கும்?"

"சந்தேகம், முடிவு இல்லைன்னு."

"மூடாதீங்க. பதிவு எல்லாத்தையும் எனக்கு அனுப்புங்க. அம்மாவுக்குப் பதிலா நான் வர்றேன்."

வழக்கமில்லை என்றார். தினமும் அழைத்தேன். கடைசியில் அனுப்பினார்.

தேர்வுப் பக்கத்தில் எப்போது விசை அழுத்தப்பட்டது என்பதற்கு ஒரு பதிவு. கேமரா, மைக் பதிவு தனி. முதல் பதிவில் நெடுநேரம் ஒரு விசைகூட அழுந்தவில்லை. பிறகு முழுப் பதிலும் ஒரேயடியாக வந்து விழுகிறது. குற்றச்சாட்டு மொத்தமும் இதன்மேல்தான் நின்றது. இரண்டு பதிவுகளின் நேரத்தையும் பொருத்தி வைத்து, ஒலியைத் திறந்தேன்.

மரவள்ளி இடிக்கும் சத்தம்.

விசாரணை காணொலியில் நடந்தது. தலைவர் திருமதி நம்விங்கா, இன்னும் இரண்டு பேர். பதிவை ஓடவிட்டேன்.

"உங்க பதிவுல விசையே அழுந்தாத நேரம் இது. கேளுங்க."

ஒரு உறுப்பினர் குறுக்கிட்டார். "எதையோ பார்த்து அடிச்சிருக்கலாமே?"

"பார்த்து அடிச்சா ஒரே ஓட்டமா ஓடும் சார். இது நின்னு நின்னு போகுது. இன்னும் கொஞ்சம் கேளுங்க."

சத்தம் நின்றது. அம்மாவின் குரல், தனக்குள் பேசுவதுபோல: "சரக்கு இருக்குங்குறான். சரி, எண்ணினது யாரு?" நாக்கால் ஒரு 'த்ச்'. மறுபடி இடி.

அவர் போன பிறகு அந்தக் குரலை நான் கேட்டது விசாரணைக்கு முந்தைய நாள்தான், முதல் தடவையாக. ஒலியைக் கூட்டினேன்.

"அவர் ஒட்டிய பதிலின் இரண்டாவது பத்தியைப் பாருங்க" என்றேன்.

திருமதி நம்விங்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். 'கையிருப்பை எண்ணியது யார் என்று தணிக்கையாளர் முதலில் கேட்க வேண்டும்.'

கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர் கேட்டார்: "இவ்வளவு பலமாவா அடிப்பாங்க?"

"பக்கத்து வீட்டுல கேட்டுப் பாருங்க மேடம்."

அவர் சிரித்துவிட்டு, சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டார்.

முடிவு வந்தது. வெளியிலிருந்து ஒட்டியது விதிமீறல், தாள் செல்லாது. பதில் அவருடையதே, ஏமாற்று எதுவும் இல்லை. கீழே, எல்லோருக்கும் அனுப்புகிற வரி ஒன்று: அடுத்த பருவத்தில் இதே தாளை அவர் மீண்டும் எழுதலாம்.

முதலில் அதை அம்மாவின் மேலாளருக்கு அனுப்பினேன். முபாங்கா அழைத்தான். "பானா கசோண்டே" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

மாமாவுக்குத் தொலைபேசியில் வாசித்தேன். கடைசி வரியில் அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமானது.

"விட்டா போய் எழுதுவா அவ" என்றார். "அடுத்த மாசம் நினைவு ஆராதனை வருதே, குறிப்பைத் திருத்தணுமே. 'தேறலை'ன்னா போடுறது, தாயி?"

அறைக்குள் நடந்துகொண்டே இருந்தேன். சன்னல்வரை போய் நின்றேன்.

"கடைசித் தாளைத் தன் கையாலேயே எழுதினார்னு போடுங்க மாமா."