மூன்றாவது பல்

அந்த ஆண்டு பங்குனி நடுவிலிருந்து எங்கள் வீட்டில் மின்விசிறி ஓடவில்லை. மெட்ரோ வேலைக்காக மந்தைவெளித் தெருமுனையைத் தகரம் வைத்து அடைத்திருந்த காலம் அது. ஜன்னலைத் திறந்தால் புழுதி, மூடினால் புழுக்கம். நானும் என் மனைவியும் மூடிய ஜன்னலுக்குள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். விசிறிக் காற்று வலது கன்னத்தில் பட்டால் அவளுக்குப் பல் வலிக்கும். பல் வலி என்றுதான் இருவருமே அப்போது நம்பினோம்.

அது தொடங்கியது அதற்கு முந்தைய ஐப்பசியில், தீபாவளி கழிந்த வாரம். மீந்திருந்த முறுக்கைக் கடித்தவள் கையில் மிச்சத்தோடு அப்படியே நின்றாள். யாரோ முகத்தில் மின்கம்பியைத் தொட்டு எடுத்ததுபோல் இருந்தது என்றாள். சில நொடிகளில் போய்விட்டது. முறுக்கில் கல் இருந்திருக்கும் என்றேன். மறுநாள் காலை பல் துலக்கும்போது மறுபடி வந்தது. அதற்குப் பிறகு முகம் கழுவும்போது, பேசும்போது, பேருந்து ஜன்னலோரம் உட்காரும்போது.

கார்த்திகையில் தியாகராய நகரில் ஒரு பல் மருத்துவரிடம் போனோம். இளம்பெண். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, வலது மேல் கடைவாயில் ஒரு பல்லில் பழைய அடைப்பு லேசாக விட்டிருக்கிறது, வேறு ஒன்றும் தெரியவில்லை என்றார். அந்தப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்தார். வலி நிற்கவில்லை. மார்கழியில் அதே பல்லை எடுக்கச் சொல்லிக் கேட்டது மருத்துவர் அல்ல, என் மனைவிதான்.

எடுத்த பல்லைப் பஞ்சில் சுற்றிக் கொடுத்தார்கள். ஆட்டோவில் வரும்போது அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அன்று மாலைவரை அவளுக்கு வலியே இல்லை. மரத்துப்போன உதட்டோடு கோணலாகச் சிரித்து, "பாத்தீங்களா, இதுதான் எல்லாத்துக்கும் காரணம்" என்றாள். இரவு வலி வந்துவிட்டது. பக்கத்துப் பல்லாக இருக்கும் என்று முடிவு செய்தோம். தியாகராய நகர் மருத்துவர் மாட்டேன் என்று சொல்லிவிட்டதால், மாசியில் அடையாறில் வேறொருவரிடம் போய் அதையும் எடுத்தோம். அன்றும் மாலைவரை நன்றாக இருந்தாள்.

பங்குனிக்குள் அவள் உடல் பாதியாகிவிட்டது. சாப்பாடு என்பது இடது பக்கமாக உறிஞ்சும் கஞ்சி. மூக்குத்தி அழுக்கேறிக் கறுத்துப்போயிருந்தது, கழற்றுவதற்கு மூக்கைத் தொட வேண்டுமே. தொலைபேசியில் யார் அழைத்தாலும் என்னிடம் நீட்டிவிடுவாள். நிறையப் பேசுகிறவள் அவள். கூடத்தில் இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்த அந்த வாரங்களில்தான், முப்பது வருடமாக வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் எல்லாம் அவளுடையது என்று எனக்குத் தெரிந்தது.

சித்திரையில் மூன்றாவது பல்லுக்கு நாள் குறித்தோம். அடையாறு மருத்துவர், "போன தடவையே ரத்தம் நிக்க நேரமாச்சு. பிரஷர் மாத்திரை சாப்பிடறீங்க. உங்க குடும்ப டாக்டர் ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா எடுக்கறேன்" என்றார். அதை வாங்கத்தான் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த பொது மருத்துவரிடம் போனோம். சளி, காய்ச்சல், ரத்த அழுத்தம் எல்லாவற்றுக்கும் அவர்தான். பல்லுக்கு மட்டும் அவரிடம் போக வேண்டும் என்று ஏனோ எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

காத்திருக்கும் அறையில் எங்களுக்கு முன்னால் ஒரே ஒருத்திதான் இருந்தாள். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்பவள், ஐம்பது வயதிருக்கும். இடது கன்னம் கொழுக்கட்டை அடக்கியதுபோல் வீங்கியிருந்தது. உள்ளங்கையால் அதை அழுத்திக்கொண்டு, தலையைச் சாய்த்து, மெல்ல ஆடிக்கொண்டிருந்தாள். வாயிலிருந்து கிராம்பு வாசனை வந்தது.

நான் எழுந்து விசிறியை நிறுத்தினேன்.

"யோவ் பெர்சு, இன்னா பண்ற? வேர்த்து ஊத்திக்கினு கீது, ஃபேனை ஆஃப் பண்ற?"

"காத்து பட்டா அவங்களுக்குப் பல் வலிக்கும்மா."

அவள் என் மனைவியைப் பார்த்தாள். "உனுக்கும் பல்லாக்கா? எனுக்கும் அதான். ஆனா எனுக்குக் காத்து பட்டா நல்லாத்தான கீது. நீ இப்டி வா, காத்து வராத எடத்துல குந்து." தானே நகர்ந்து இடம் கொடுத்துவிட்டு விசிறியை மறுபடி போட்டாள். "டாக்டரு புடுங்கணும்றாரு. நான் மாட்டேன்ட்டேன். மேல் பல்லு. புடுங்கினா கண்ணு பூடும்றாங்கோ. கண்ணு பூட்டா மீனு நல்லாகீதா நாறிடுச்சான்னு யாரு பாக்கறது?"

என் மனைவி இரண்டு விரலைக் காட்டினாள். பிறகு உதட்டை அசைக்காமல், "ரெண்டு எடுத்தாச்சு. மூணாவதுக்குத்தான் வந்திருக்கேன்" என்றாள்.

"அய்ய! பல்லு இன்னா தேங்கா பத்தையாக்கா, ஒண்ணொண்ணா எடுத்துக் குடுக்க?"

என் மனைவிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் வலி வந்தது. கைகள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டன, கண்கள் இறுக மூடின, முகத்தின் வலது பாதி மட்டும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சத்தம் எதுவும் இல்லை. மீன்காரம்மா தன் கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டு வெறித்துப் பார்த்தாள். வலி விட்டதும், "இன்னாக்கா இது, இப்டியா வலிக்கும்?" என்று கேட்டாள். அப்போது அவள் குரலில் கேலி இல்லை.

மருத்துவர் கதவருகே நின்று இதைப் பார்த்திருக்கிறார். முறைப்படி மீன்காரம்மாவை முதலில் அழைக்காமல் எங்களை அழைத்தார்.

ரத்த அழுத்தம் பார்த்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் எழுதுகோலைத் தொடவில்லை. "எந்தப் பல்லும்மா?" என்று கேட்டார். அவள் ஆட்காட்டி விரலை உயர்த்திக் காட்டினாள். விரல் கன்னத்துக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிட்டது.

"தொட்டுக் காட்டுங்க."

அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

வாயைக் கொஞ்சமாகத் திறக்கச் சொல்லி, ஒரு சிறிய எஃகுக் கரண்டியின் காம்பால் அந்தப் பக்கத்துப் பற்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். உதட்டில் படாமல் மிகக் கவனமாகத் தட்டினார். எதுவும் வலிக்கவில்லை. அவள் எடுக்கச் சொன்ன பல்லை இரண்டு முறை பலமாகவே தட்டினார். அதுவும் வலிக்கவில்லை. பிறகு பஞ்சிலிருந்து ஓர் இழையைப் பிரித்து, "மன்னிச்சுக்கங்கம்மா" என்று சொல்லி, மூக்கின் ஓரத்தில் அதை ஓட விட்டார்.

நான் எழுந்து அவள் தோளைப் பிடித்தேன். பிடித்திருந்த தோள் தூக்கித் தூக்கிப் போட்டது.

அவள் கண்ணைத் திறக்கும்வரை காத்திருந்துவிட்டு அவர் சொன்னார்: "வெளியில அந்தம்மாவைப் பாத்தீங்கல்ல. பல் வலிக்கிறவங்க கன்னத்தை அழுத்திப் பிடிச்சுக்குவாங்க. நீங்க கையைக் கிட்டயே கொண்டு போகல. இது பல்லே இல்லம்மா. முகத்துக்கு வர்ற நரம்பு. அதுல வர்ற வலி பல்லுல வர்ற மாதிரியே தெரியும். பல் டாக்டருக்கே சில சமயம் புரியாது."

"அப்ப எடுத்த ரெண்டு?" என்றாள்.

அவர் கரண்டியைக் கழுவப் போனார். குழாயை மூடிவிட்டு, முதுகைக் காட்டியபடியே, "அந்தப் பல்லுங்க மேல தப்பு இருந்திருக்காது" என்றார்.

"இல்லீங்க டாக்டர். எடுத்த அன்னைக்கு ரெண்டு தடவையும் வலி சுத்தமா நின்னுச்சே."

"அது மரப்பு ஊசிம்மா. ஊசி வேலை செய்யறவரைக்கும் நரம்பு தூங்கும். அப்புறம் முழிச்சுக்கும்."

அவள் கலைந்த முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு, "பல்லுன்னா புடுங்கிடலாம். நரம்புன்னா என்ன பண்றது?" என்று கேட்டாள். கேள்வி அவரைப் பார்த்தும் இல்லை, என்னைப் பார்த்தும் இல்லை.

அவர் பல்லை எடுக்க எழுதித் தரவில்லை. மூளைக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னார், நரம்பு மருத்துவரிடம் அனுப்பினார். ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை. ஒரு ரத்தக் குழாய் அந்த நரம்பின் மேல் சாய்ந்து கிடக்கிறது என்றார்கள். வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் மாத்திரை ஒன்றைச் சிறு அளவில் தொடங்கினார்கள். நான்காம் நாள் காலை அவள் குளியலறையில் பல் துலக்கும் சத்தம் கேட்டது. நான் நாளிதழை மடித்து வைத்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆடிக்குள் சோறு சாப்பிட்டாள். மூக்குத்தியைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தாள். ஒரு நாள் கடற்கரைச் சாலையில் மீன்காரம்மாவைப் பார்த்தோம். கன்னம் வற்றியிருந்தது. "ஜொரம் தூக்கிப் போட்டுச்சு, டாக்டரு திட்டி அனுப்சாரு. புடுங்கிட்டாங்கோ. கண்ணு நல்லாத்தான் கீது" என்று சிரித்தாள். வாயைத் திறந்து இடைவெளியைக் காட்டினாள். என் மனைவியும் தன் வாயைத் திறந்து காட்டினாள். சாலையோரம் இரண்டு பெண்கள் வாயைத் திறந்து நின்றதை ஓர் ஆட்டோக்காரர் வண்டியை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போனார். அந்த வருடத்தில் எனக்கு நினைவிருக்கும் நல்ல நாள் அது ஒன்றுதான்.

அடுத்த பங்குனியில், கோவில் தேர் முடிந்த மறுநாள், அவள் எழுந்துபோய் விசிறியை நிறுத்தினாள். நான் எழுந்து ஜன்னலை மூடினேன்.

மாத்திரையைக் கூட்டினார்கள். வலி பாதி குறைந்தது, ஆனால் நடக்கும்போது தள்ளாடினாள். சமையலறைக்குள் போய், எதற்கு வந்தோம் என்று நின்றாள். ரத்தத்தில் உப்பு குறைந்துவிட்டது என்று மறுபடி மாத்திரையைக் குறைத்தார்கள். வலி முழுதாக வந்தது. வேறு மாத்திரை, அதற்கும் தள்ளாட்டம். காதுக்குப் பின்னால் மண்டை ஓட்டைத் திறந்து அந்த ரத்தக் குழாயை நகர்த்தி வைக்கலாம், பலருக்குக் குணமாகிறது என்றார் நரம்பு மருத்துவர். "மண்டையைத் திறக்கறதுன்னா யோசிக்கணும்" என்று அவள் எழுதிக் காட்டினாள். அந்த நாட்களில் எழுதித்தான் காட்டுவாள். எங்கள் பொது மருத்துவர் வீட்டுக்கே வந்து, அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளும்படி பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். அவள் கேட்டுக்கொண்டாள். தலையசைக்கவில்லை.

கத்திரி வெயில் தொடங்கிய வாரம், நான் வங்கிக்குப் போயிருந்த நேரத்தில் அவள் வெளியே போய்விட்டு வந்திருந்தாள். நான் திரும்பி வந்தபோது கதவு திறந்திருந்தது. கூடத்தில் விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. நேர் கீழே, முகத்தை மேலே தூக்கி வைத்துக்கொண்டு, நாற்காலியில் அவள் சாய்ந்திருந்தாள். முன்முடி காற்றில் பறந்து வலது கன்னத்தில் அடித்துக்கொண்டிருந்தது. வாயோரம் பஞ்சின் நுனி தெரிந்தது.

"எங்க போன?" என்றேன்.

"கோடம்பாக்கம்." பஞ்சைக் கடித்தபடி பேசினாள். பல நாட்களுக்குப் பிறகு குரல் கேட்டது. "ஒரு சின்ன கிளினிக். பிரஷர் இருக்குன்னு நான் சொல்லல, அவரும் கேக்கல."

"அது பல் இல்லைன்னு உனக்குத் தெரியுமே."

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"ஊசி மட்டும் போடுங்கன்னு கேட்டேங்க. பல்லை எடுக்காம எதுக்கும்மா ஊசின்னு சிரிச்சாரு. அதான் எடுக்கச் சொல்லிட்டேன்." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "போன வருஷம் பூரா யோசிச்சுப் பாத்தேன். வலியே இல்லாம இருந்தது பல்லு எடுத்த அந்த ரெண்டு மத்தியானம்தான். மாத்திரைல நல்லா இருந்த மாசம் கணக்கில்ல, எப்ப திரும்ப வருமோன்னே இருந்தேன்."

நான் எதிரில் உட்கார்ந்தேன். அவள் பேச ஆரம்பித்தாள். கோடம்பாக்கம் பாலத்தில் ஆட்டோ நின்றது, கிளினிக்கில் ஒரு குழந்தை அழுதது, மாடியில் காயப்போட்ட வடகம், தங்கை மகளின் வளைகாப்பு, என்னுடைய கிழிந்த செருப்பு. சொற்கள் வலது பக்கம் வழுக்கி வழுக்கி வந்தன. இடையிடையே சிரித்தாள். நான் குறுக்கே பேசவில்லை. மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லியாக வேண்டும், அறுவை சிகிச்சைக்கு நாள் கேட்டாக வேண்டும். அதற்கு மாலைக்குமேல் நேரம் இருந்தது.

வெயில் ஜன்னலைவிட்டு இறங்கியபோது அவள் பேச்சை நிறுத்தினாள். நாக்கால் மேலுதட்டைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடி தொட்டுப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றாள்.

நான் விசிறி சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.