கேக் தண்டனை

மேயர் கழிப்பறைக்குப் போயிருக்கிறார். வீப்கே அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் பெயரிலேயே அலுவலகம் முழுவதற்கும் மின்னஞ்சல் தட்டுகிறாள்: “அன்பர்களே, நாளை எல்லோருக்கும் என் செலவில் கேக்.” அனுப்புகிறாள், திரையைப் பூட்டுகிறாள், ஒன்றும் அறியாதவள்போல எழுந்து வருகிறாள்.

ஜெர்மனியில், கிழக்கு ஃப்ரீஸ்லாந்தின் அந்தச் சின்ன நகராட்சிக்கு அவள்தான் தகவல் பாதுகாப்பு அதிகாரி. கணினியைப் பூட்டாமல் எழுந்து போகிறவர்களுக்கு அங்கே கேக்தான் தண்டனை.

“அடுத்தவங்க பேர்ல மெயில் அனுப்புறது மட்டும் சட்டப்படி சரியா, வீப்கே?” என்று மேயர் ஒருமுறை மடக்கிப் பார்த்தார்.

“தப்புதான். புகார் குடுங்க, நானே விசாரிக்கிறேன்.”

ரொட்டிக் கடைக்காரர் தள்ளுபடிக்குப் புள்ளி சேர்க்கும் அட்டையை நீட்டினால், “நான் என்ன ரொட்டி திங்கறேன்னு உங்க கம்பெனிக்கு எதுக்குங்க?” என்று வரிசையையே நிறுத்திவிடுவாள். தன் கணினியின் கேமராக் கண்மேல் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறாள். அந்தக் கணினியோ டிராக்டர்போல இரையும். புதிது வாங்கலாம் என்றால், “உசுரோட இருக்கிறதை எதுக்குக் குப்பையில போடணும்?” என்பாள். யாராவது திரைக்குள் முகம் புதைத்தால் முதுகில் விரலால் ஒரு குத்து. “கொக்கு மாதிரி என்ன கழுத்து? நிமிருங்க!”

போன வாரம் கட்டட அனுமதிப் பிரிவு ரைமர் மாட்டினான். அடிக்கடி மாட்டுகிறவனும், மாட்டியபின் உரக்கச் சிரிக்கிறவனும் அவன்தான். இருக்கை காலி, திரை பளிச்சென்று திறந்து கிடந்தது. வீப்கே உட்கார்ந்து விரல்களை நெட்டி முறித்துக்கொண்டாள்.

தேடல் பெட்டியில் அவன் தட்டிய கேள்வி அப்படியே நின்றது: கணையத்தில் கட்டி, பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?

வீப்கே அதை இரண்டாம் முறை படிக்கவில்லை. திரையைப் பூட்டினாள்.

வாசலில் பக்கத்து அறை இம்கே எட்டிப் பார்த்தாள். “மாட்டிக்கிட்டானா? வீட்ல செஞ்ச கேக்னு எழுதுங்க. போன தடவை கடையில வாங்கி ஏமாத்திட்டான்!”

“பூட்டித்தான் வெச்சிருக்கான்.”

“யாரு, ரைமரா? பூட்டினானா?”

“ஏன், மனுஷன் திருந்தவே கூடாதா?” என்று எரிந்துவிழுந்தபடி வீப்கே எழுந்து போனாள். அவளுக்குப் பொய் வராது, காது சிவந்துவிட்டது.

ரைமர் திரும்பி வந்தான். கணினி கடவுச்சொல் கேட்டது. அவன் விரல்கள் விசைகளின்மேல் அப்படியே நின்றன. தான் பூட்டவில்லை என்பது அவனுக்குத் தெரியும். மெல்ல நிமிர்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தான். வீப்கே யாரோ ஒருவரின் முதுகைக் குத்தி நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

பிற்பகல் தேநீருக்கு எல்லோரும் கூடினார்கள். ரைமர் வீப்கேக்கு எதிரிலேயே உட்கார்ந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

“பேசாம குடி, ஆறிடும்,” என்றாள்.

நகராட்சிக் காசு என்று தேநீரில் போட ஆளுக்கு ஒரு கற்கண்டுக்கு மேல் தராதவள் அவள். ரைமரின் கோப்பையில் ஒன்றைப் போட்டாள். கொஞ்சம் தயங்கி, இம்கே பார்க்காத நேரமாகப் பார்த்து, இன்னொன்றையும் போட்டாள்.